தேர்ந்தெடுத்தது மட்டும்

விரிவுரையாளர் திரையில் ஒரு பட்டியலைக் காட்டினார். பத்து மாணவர்களின் பெயர்கள். பக்கத்தில் அவர்கள் வாங்கிய மதிப்பெண்கள். பெயர்களை அகரவரிசைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி, பெயர் இருந்த நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினார். திரையின் நடுவில் ஒரு சிறு பெட்டி எழுந்து நின்று கேள்வி கேட்டது: பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்துக்கொள்ளட்டுமா, தேர்ந்தெடுத்தது மட்டும் போதுமா?

"இந்த இடத்துலதான் எல்லாரும் கவுந்துடுவாங்க," என்றார் விரிவுரையாளர். "'தேர்ந்தெடுத்தது மட்டும்'னு குடுத்தா என்ன ஆகுது பாருங்க."

பெயர்கள் குலுங்கி இடம் மாறின. மதிப்பெண்கள் அசையவே இல்லை. தொண்ணூற்றெட்டு வாங்கியவள் தோற்றுப்போனாள். தோற்றவன் வகுப்பில் முதல்வனானான். முப்பது பேரும் சிரித்தார்கள். "ஒருத்தர் தலை, இன்னொருத்தர் உடம்பு," என்றார் விரிவுரையாளர், தாமும் சிரித்தபடி. "சேமிச்சு மூடிட்டீங்கன்னா அவ்வளவுதான், திரும்ப வராது."

மூன்றாம் வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அன்று பகல் ஒரு மணிக்கு அதே பெட்டி அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டிருந்தது. அவளும் பதில் சொல்லியிருந்தாள். அங்கே பெயர்களுக்குப் பக்கத்தில் இருந்தவை மதிப்பெண்கள் அல்ல, மாத்திரைகள்.

அவள் நாற்பத்திரண்டு முதியவர்கள் வாழும் ஓர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் இருபத்தோராண்டுகளாக வேலை பார்ப்பவள். அவளுக்கென்று ஒரு பெயர் பதிவேட்டில் உண்டு. ஆனால் இல்லத்தில் அதைக் கூப்பிட்டவர் எவருமில்லை. எல்லோருக்கும் அவள் சோப்பக்கா. இரண்டு மாதங்களுக்கு முன்பு இல்லத்தின் பதிவறையில் ஓர் உதவியாளர் இடம் காலியானபோது, வேலை பார்ப்பவர்களுக்காகக் கல்லூரியில் பிற்பகலில் நடக்கும் 'கணினிப் பயன்பாடுகள்: ஓர் அறிமுகம்' என்ற பாடத்தில் தேறினால் அந்த இடத்தை அவளுக்கே தரலாம் என்று மேலாளர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவள் மறக்கவில்லை. மறுநாளே கல்லூரி வாசலில் போய் நின்றாள். பேருந்துப் பணிமனையில் சக்கரங்களைக் கழற்றி மாட்டும் அவள் கணவர், இரவுச் சாப்பாட்டுக்குமுன் குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு அவளைக் கேள்வி கேட்பார். ஒரு விடையைத் தப்பாகச் சொன்னால் அன்று பாத்திரம் அவள் கழுவ வேண்டும். சரியாகச் சொன்னால் அவர். மூன்று வாரமாகப் பாத்திரம் கழுவுவது அவர்தான்.

அப்படிப்பட்டவள்தான் அந்தப் பெட்டியிடம் தவறினாள்.

திங்கட்கிழமை மருத்துவர் வந்து பாதிப்பேருக்கு மருந்தை மாற்றி எழுதிவிட்டுப் போயிருந்தார். பதிவறை கிளார்க் அந்தப் புதிய பட்டியலை, மருத்துவர் பார்த்த வரிசையிலேயே கணினியில் ஏற்றிவிட்டார். முந்தாநாள் வேலைக்குச் சேர்ந்த சின்ன சிஸ்டருக்கோ ஒரு முதியவரின் முகமும் பழக்கமில்லை. பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்போல இருக்கிறதென்று அவள் முறையிட்டாள். கிளார்க்குக்கு அன்று பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சோப்பக்காவைக் கூப்பிட்டு, பெயர்களை அகரவரிசையில் போட்டுச் சேமித்துவிடும்படி சொன்னார். அவளுக்கு வீட்டுப்பாடமும் ஆயிற்று, அவருக்கு வேலையும் ஆயிற்று என்று தம் சாமர்த்தியத்தைத் தாமே மெச்சிக்கொண்டு, அரைநாள் விடுப்பில் பல் மருத்துவரிடம் போய்விட்டார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, பெயர்களைத் தேர்ந்தெடுத்தாள். பெட்டி எழுந்து கேட்டது: பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்துக்கொள்ளட்டுமா?

பக்கத்தில் இருப்பவை! இருபத்தோராண்டுகளாக அவளுக்குக் கற்பிக்கப்பட்ட ஒரே பாடம் அதுதானே? ஈரக் கையோடு சமையலறைப் பக்கம் வராதே. மருந்து அலமாரியின் பக்கம் பார்க்காதே. பதிவறையில் துணியைக் கொடுத்தால் கொடுத்த இடத்தில் நில், தாள்மேல் கண்ணை வைக்காதே. உன் கூடை எதுவோ அதை எடு. உன் வாசல் எதுவோ அதன் வழியே போ. சொன்னதைச் செய், சொல்லாததைத் தொடாதே. பெயர்களை வரிசைப்படுத்தத்தான் கிளார்க் சொன்னார். மருந்தைத் தொடச் சொல்லவில்லை. பக்கத்து வரிசையில் கைவைக்க நான் யார்? இப்படி அவள் யோசிக்கக்கூட இல்லை. யோசிக்கவேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு அது அவள் விரலில் ஊறிப்போயிருந்தது. கேள்வி கேட்டது இயந்திரம். பதில் சொன்னது இருபத்தோராண்டு. 'தேர்ந்தெடுத்தது மட்டும்' என்பதை அழுத்தினாள். சேமித்தாள். மூடினாள். எவருடைய பொருளையும் தொடாமல் ஒரு வேலையை முடித்த நிம்மதியோடு சலவைக்கூடத்துக்குத் திரும்பினாள்.

வகுப்பின் சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு நாற்பது. ஐந்து மணிக்குச் சின்ன சிஸ்டர் அந்தக் கோப்பைத் திறந்து தாளில் அச்செடுப்பாள். ஐந்தரைக்கு முதியவர்கள் உணவுக்கூடத்தில் வந்து அமர்வார்கள். மருந்துவண்டி முதல் மேசையிலிருந்து புறப்படும்.

அவள் எழுந்தாள். எழுந்தபோது நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. விரிவுரையாளர் என்னவென்று கேட்டதற்குக் கையால் வாசலைக் காட்டிவிட்டு நடைவழிக்கு வந்துவிட்டாள்.

முதலில் கிளார்க்கின் எண். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. பிறகு பதிவறைத் தொலைபேசி. அது அடித்து அடித்து ஓய்ந்தது. சின்ன சிஸ்டரின் எண் அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பயனில்லை, பணி நேரத்தில் தாதியர் கைப்பேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். மேலாளரின் எண்ணும் அவளிடம் இல்லை. இத்தனை ஆண்டில் அதற்குத் தேவை வந்ததில்லை. வந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். கடைசியில் வாசல் தொலைபேசியை அழைத்தாள்; வாயிற்காவலர் எடுத்தார். அவரிடம் அவள் சொன்னாள். என்ன சொன்னாள்? மருந்துப் பட்டியலில் ஏதோ சந்தேகமாக இருக்கிறது, சிஸ்டரிடம் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள் என்றாள். அவ்வளவுதான். தப்பு என்று சொல்லவில்லை. செய்தவள் நான் என்று சொல்லவில்லை. தொண்டைவரை வந்த உண்மையைப் பாதியாக வெட்டி, சின்னதை வெளியே விட்டுப் பெரியதை உள்ளே விழுங்கினாள்.

காவலர் இணைப்பைத் துண்டிக்காமலே உள்ளே போய்விட்டு வந்தார். அவருடைய செருப்புச் சத்தம் போவதும் வருவதும் அவள் காதில் கேட்டது.

"சிஸ்டர் சொல்றாங்க, பட்டியல்ல சந்தேகம்னா கிளார்க் பேசட்டுமாம். துணி துவைக்கிறவங்களுக்கு மருந்துல என்ன சந்தேகம்னு கேக்குறாங்க." சற்று நிறுத்திவிட்டு, "நான் சொல்லலம்மா. அவங்க சொன்னாங்க," என்றார்.

அவள் படிக்கட்டில் இறங்கியபோது பின்னாலேயே ஒருவன் ஓடிவந்தான். பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றியிறக்கும் ஓட்டுநர். வகுப்பில் அவளுக்கு அடுத்த கணினிக்காரன். நாற்காலி விழுந்ததைப் பார்த்துவிட்டு வந்தவன். வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையா என்று கேட்டான். அவள் இல்லத்தின் பெயரை மட்டும் சொன்னாள். அவன் மறுகேள்வி கேட்காமல் வேனைத் திறந்தான்.

வேனுக்குள் பிள்ளைகள் விட்டுச்சென்ற ஒற்றைக் காலுறையும் உடைந்த அளவுகோலும் தரையில் உருண்டன. போக்குவரத்து விளக்குகள் ஒன்றுவிடாமல் சிவப்பாகவே இருந்தன. போகும் வழியிலேயே அவள் நடந்ததைச் சொல்லிவிட்டாள். அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு அவன் பேசத் தொடங்கினான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கம்ப்யூட்டர்ல யாரு விரல் பட்டுச்சுன்னு எழுதியா வெச்சிருக்கு? கிளார்க்கோட நாற்காலி, கிளார்க்கோட வேலை. நீங்க போய் வண்டிய மட்டும் நிறுத்துங்க. பட்டியல் குழம்பியிருக்குன்னு சொல்லுங்க. யாரு குழப்பினாங்கன்னு உங்களை யாரு கேக்கப் போறா?"

அந்தப் பேச்சு அவளுக்கு எவ்வளவு இனித்தது என்பதை நினைத்தபோதுதான் அவளுக்கு இன்னும் அச்சம் வந்தது. பதிவறை நாற்காலி, வெந்நீரில் வெந்து வெளுத்துப்போன விரல்களுக்கு ஓர் ஓய்வு, "எங்கம்மா ஆபீஸ்ல இருக்காங்க" என்று மகள் பள்ளியில் சொல்லிக்கொள்ளப்போகும் ஒரு வாக்கியம். அத்தனையும் ஒரு சொல்லில் போய்விடும். சொல்லாவிட்டால் போகாது. துணி துவைப்பவளுக்குக் கணினி எதற்கு என்று கேட்கக் காத்திருந்த வாய்கள் எத்தனை! அவற்றுக்கெல்லாம் இவளே தன் கையால் விருந்து வைக்கப்போகிறாள்.

ஆனால் மனம் நாற்காலியில் நிற்கவில்லை, மாத்திரைகளிடம் ஓடியது. நாற்பத்திரண்டு பேரையும் அவளுக்கு அவர்களுடைய துணிகளால் தெரியும். யாருடைய தலையணை உறையில் அடிக்கடி மூக்கு இரத்தம் படிகிறது என்று தெரியும். அவர் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர். யாருடைய விரிப்பை எறும்பு மொய்க்கிறது என்று தெரியும், அவர்கள் சர்க்கரைக்காரர்கள். இதயம் நின்று நின்று துடிக்கும் ஓர் அம்மாவின் மேலாடைப் பையில் எப்போதும் ஒரு மாத்திரை அட்டை மறந்துபோய்க் கிடக்கும். துவைப்பதற்குமுன் அதை எடுத்துத் திருப்பிக் கொடுப்பது இவள்தான். இப்போது அந்த இதயத்துக்கு யாருடைய மாத்திரை? மூக்கில் இரத்தம் வருபவருக்கு எது? கணக்கிட முயன்றாள், முடியவில்லை. ஒவ்வொரு முகமும் இன்னொரு முகத்தின் மருந்தை வாங்கி விழுங்குவது மட்டும் கண்முன் ஓடியது. வேனின் இருக்கைக் கம்பியை அவள் பிடித்திருந்த பிடியில் அதன் உறை கிழிந்தது.

"வேகமா போங்க தம்பி," என்றாள். அதற்குப்பின் வழிநெடுக அவள் சொன்னது அது ஒன்றுதான்.

ஐந்து முப்பத்தெட்டுக்கு வேன் நின்றது. அவளுக்குரிய பின்வாசலைத் தேடிப்போக நேரமில்லை. பார்வையாளர் வாசல் வழியாக ஓடினாள். உணவுக்கூடத்தில் தட்டுகளின் ஓசையும், கேட்காத காதுகளுக்காக உரக்கப் பேசும் பேச்சும் வழக்கம்போல் இருந்தன. மருந்துவண்டி முதல் மேசையை முடித்து இரண்டாம் மேசையை அடைந்திருந்தது. சின்ன சிஸ்டர் இடக்கையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, வலக்கையால் ஒரு சிறு கிண்ணத்தை இதயக்கார அம்மாவிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

சோப்பக்கா வண்டியின் கைப்பிடியைப் பற்றினாள்.

"விடுங்கக்கா. மருந்து வண்டியத் தொடக் கூடாதுன்னு தெரியாதா?" சின்ன சிஸ்டர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் அச்சுறுத்தியது. இரண்டு நாள் வேலையில் அவளுக்கு எல்லா விதிகளும் மனப்பாடமாகியிருந்தன.

"கிண்ணத்தை வாங்கிக்குங்க சிஸ்டர். குடுக்காதீங்க."

"பட்டியல்ல இருக்கு. கம்ப்யூட்டர்ல எடுத்த பட்டியல். நீங்க நகருங்க."

நகருங்கள் என்றால் நகர்ந்துவிடும் கால்கள் அவை. இருபத்தோராண்டு அவை நகர்ந்திருக்கின்றன. இப்போதும் ஒரு கால் தானாகப் பின்னால் போயிற்று. அவள் அதை இழுத்து நிறுத்தினாள். அந்த அம்மா கிண்ணத்திலிருந்து மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் தண்ணீருக்காகச் சுற்றுமுற்றும் பார்த்தார். சோப்பக்கா எட்டி, அந்த உள்ளங்கையை அதன் மாத்திரையோடு தன் இரு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

"பட்டியல் தப்பு. மத்தியானம் கம்ப்யூட்டர்ல உக்காந்தது நான். பேரை மட்டும் வரிசையா மாத்திட்டேன், மருந்தை மாத்தல. எல்லாரோட மருந்தும் வேற ஆளுக்குப் போயிருக்கு. தப்பு பண்ணது நான்."

ஒரு கரண்டி எங்கோ தட்டில் விழுந்தது. சின்ன சிஸ்டரின் முகத்தில் நிறம் இறங்கியது. அவள் தாளைப் பார்த்தாள், முதல் மேசையைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். முதல் மேசையில் நான்கு பேர். நான்கு கிண்ணங்களும் காலி.

அதன்பின் நடந்தவை வேகமாக நடந்தன. மேலாளர் கூட்டத்திலிருந்து வரவழைக்கப்பட்டார். மருத்துவர் திங்கட்கிழமை கைப்பட எழுதிய தாள்கள் பூட்டிய அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டன. நான்கு பேரின் பெயர்களும் ஒவ்வொன்றாக ஒப்பிடப்பட்டன. ஒருவருக்கு எலும்புக்கான மாத்திரை, கெடுதலில்லை. இருவருக்கு வயிற்று எரிச்சலுக்கானது, பாதகமில்லை. நான்காமவர் ஓய்வுபெற்ற தபால்காரர். முழங்கால் வலியைத் தவிர வேறொரு நோயும் இல்லாதவர். அவர் விழுங்கியிருந்தது சர்க்கரையை இறக்கும் மாத்திரை, அதுவும் முழு அளவு. தொலைபேசியில் இதைக் கேட்ட மருத்துவர் அளவை மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார். சர்க்கரை நோயில்லாத உடம்பில் அது இருக்கிற சர்க்கரையையும் இறக்கிவிடும்; உடனே இனிப்பு நீர் கொடுங்கள், சாப்பிட வையுங்கள், அரைமணிக்கொருமுறை விரலில் குத்திப் பாருங்கள், நான் புறப்பட்டுவிட்டேன் என்றார்.

தபால்காரரைப் படுக்கையில் சாய்த்து உட்காரவைத்தார்கள். அவருக்கு இது ஒரு வேடிக்கையாகவே இருந்தது. ஒரு குவளை இனிப்பு நீர் குடித்துவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டினார். "இதுக்குப் பேரு தப்பா? சோப்பு, வாரம் ஒரு தரம் இப்படித் தப்புப் பண்ணும்மா," என்றார். அவள் சிரிக்கவில்லை. அவர் விரல் நுனியிலிருந்து எடுத்த சொட்டை வைத்த சர்க்கரைக் கருவியின் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூற்றுநான்கு.

அரைமணி கழித்து எண்பத்தாறு. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்; ஆனால் முன்பு சொன்னதையே திரும்பச் சொன்னார். சின்ன சிஸ்டர் மூன்றாவது குவளையைக் கலக்கியபோது கரண்டி குவளையில் மோதி மோதி ஒலித்தது. எண்களைக் கண்டு சோப்பக்கா இப்படி அஞ்சியதில்லை. கல்லூரியில் எண்கள் கட்டங்களுக்குள் அடங்கி உட்கார்ந்திருந்தன. தவறானால் அழித்து எழுதலாம். இந்த எண்ணை அழிக்க எந்தப் பொத்தானும் இல்லை.

மூன்றாவது முறை குத்தியபோது அறுபத்தேழு. தபால்காரரின் நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை முத்துமுத்தாக நின்றது. சட்டை மார்பில் ஒட்டிக்கொண்டது. அவர் சோப்பக்காவை நிமிர்ந்து பார்த்தார். பார்வை அவள்மேல் பட்டது. ஆனால் அவளை அடையவில்லை.

"உங்களுக்கு இன்னைக்கு ஒண்ணும் வரலம்மா," என்றார் மிகுந்த மரியாதையோடு. "நாளைக்குப் பாருங்க."

எந்தத் தெருவில், எந்தக் கதவின் முன் நிற்கிறாரோ! அவள் அவர் கையைப் பற்றிக்கொண்டாள், சில்லென்றிருந்தது. "சரிங்க, நாளைக்கு வாங்க. கட்டாயம் வாங்க," என்றாள். அந்த நேரத்தில் மருத்துவர் உள்ளே வந்தார், பார்த்தார், ஆம்புலன்ஸை அழைத்தார். தபால்காரரைத் தூக்குபடுக்கையில் வைத்து அவரும் உடன் ஏறிக்கொண்டார். கதவு மூடிய ஓசை அவள் நெஞ்சில் மோதியது.

கூடவே ஓடப் போனவளை மேலாளர் தம் அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்திவிட்டு நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றாள். அவர் திட்டவில்லை.

"மேலிடத்துக்கு நான் அறிக்கை அனுப்பணும்," என்றார். "மென்பொருள் கோளாறுன்னு எழுதிடலாம். உனக்கும் நல்லது. கிளார்க்குக்கும் நல்லது. புதுசா வந்த பொண்ணு பாவம், அதுக்கும் நல்லது. இல்லத்தோட பேரும் கெடாது. அந்தப் பதிவறை வேலையப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். நீ உணவுக்கூடத்துல என்னவோ சொன்னே, பதட்டத்துல சொன்னதுன்னு நான் பாத்துக்கறேன்."

எத்தனை மென்மையான சொற்கள்! இயந்திரத்துக்கு மானமில்லை, வயிறில்லை, வழக்காட வாயில்லை. பழியை அதன் தலையில் கட்டிவிட்டால் மனிதர்கள் எல்லோரும் நல்லவர்களாகிவிடலாம். வேனில் இனித்தது இப்போது இன்னும் இனித்தது. ஆம் என்று தலையசைத்தால் போதும், வாய்கூடத் திறக்க வேண்டாம்.

"கோளாறு இல்ல மேடம்," என்றாள். "அது சரியாத்தான் கேட்டுச்சு. பக்கத்துல இருக்கறதையும் சேத்துக்கவான்னு கேட்டுச்சு. நான்தான் வேண்டாம்னேன்."

"எதுக்கு வேண்டாம்னே?"

"பக்கத்துல இருக்கறதைத் தொடாதேன்னுதானே இங்க எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க? அந்தப் பழக்கத்துல சொல்லிட்டேன்."

மேலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் வந்தது கோபமா வேறேதாவதா என்று அவளால் படிக்க முடியவில்லை. அவள் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். எந்த மணிக்கு என்ன செய்தாள் என்று எழுதினாள். ஐந்து மணிக்குமுன் தொலைபேசியில் பாதி உண்மையை மட்டும் சொன்னதையும் எழுதினாள். அதை எழுதும்போதுதான் கண்ணில் நீர் வந்தது. முழுதாகச் சொல்லியிருந்தால் முதல் மேசையிலும் கிண்ணங்கள் நிறைந்தபடியே இருந்திருக்கும்.

கையெழுத்துப் போடுமுன் தொலைபேசி ஒலித்தது. மேலாளர் எடுத்தார். "ம்," என்றார். மறுபடி "ம்" என்றார். அந்த இரண்டு 'ம்'களுக்கு நடுவே அவள் எழுந்து, சுவரைப் பிடித்து, எதற்கென்று தெரியாமல் ஜன்னலை மூடினாள்.

"நூத்தி முப்பது இருக்காம். ஊசி வழியா குளுக்கோஸ் ஏத்தறாங்க. யாரு எவருன்னு நினைவு வந்துடுச்சாம். மாத்திரையோட வேகம் அடங்கற வரைக்கும், நாளைக்கு மத்தியானம் வரை அங்கயே வெச்சுப் பாக்கணுமாம்."

அவள் பார்வையாளர் நாற்காலியில் சரிந்தாள். மேலாளர் தொலைபேசியை வைத்துவிட்டு, அவளுக்கு முன்னால் இருந்த தாளின் மீது விரலை வைத்து மெல்லத் தம் பக்கம் இழுத்தார்.

"பிழைச்சுட்டாரு. அப்புறம் இது எதுக்கு? குடு, கிழிச்சுடலாம்."

அன்று முழுவதும் பயந்ததைவிட அப்போதுதான் அவள் அதிகமாகப் பயந்தாள். அவர் இறந்திருந்தால் உண்மையை எவராலும் புதைக்க முடிந்திருக்காது. பிழைத்துவிட்டதால்தானே பொய்க்கு இவ்வளவு வசதி? இன்று ஒரு விரல் அழுத்தியதை நாளை இன்னொரு விரல் அழுத்தும். அந்த விரலுக்கும் எவராவது தொடாதே என்று மட்டும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அன்றைக்கு வண்டி மூன்றாம் மேசையைத் தாண்டியிருக்கும்.

அவள் தாளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இழுக்கவில்லை, விடவும் இல்லை.

"இன்னும் ஒரு வரி எழுதணும் மேடம். டாக்டர் எழுதினதோட ஒப்பிட்டுப் பாக்காம இனிமே எந்தப் பட்டியலையும் அச்செடுக்கக் கூடாதுன்னு. ரெண்டு பேரு பாக்கணும். அப்புறம் முத்திரை போட்டு எனக்கு ஒரு நகல் குடுங்க."

"வேலை போனாலும் போகும். யோசிச்சுக்கோ."

"பயமாத்தான் இருக்கு," என்றாள் அவள்.

மேலாளரின் விரல் தாளைவிட்டு எழுந்தது. முத்திரைக்காக அவர் மேசை இழுப்பறையைத் திறந்தாரா, அல்லது வேறெதையோ தேடினாரா என்பதை அவள் கவனிக்கவில்லை. மூடிய கதவுக்கு அப்பால் உணவுக்கூடத்தில், இதுவரை நிறுத்திவைக்கப்பட்டிருந்த மருந்துவண்டி மறுபடி உருளத் தொடங்கியிருந்தது. காவலர் சொல்லி ஓடிவந்திருந்த கிளார்க், வீங்கிய கன்னத்தோடு, மருத்துவரின் கையெழுத்துத் தாளைப் பார்த்து ஒரு பெயரை உரக்கப் படித்தார். பெயர் பாதி வாய்க்குள்ளேயே தங்கியதால் மறுமுறை படித்தார். சின்ன சிஸ்டர் ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னாள். அவர் சரி என்றார். அடுத்த பெயர். அடுத்த மாத்திரை.

ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு கணம் அமைதி இருந்தது. அந்தக் கணத்தில், கதவுக்கு இப்பால், எழுதுகோலைத் தாளின்மீது அழுத்தியபடி, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சரி என்ற சொல் வந்த பிறகுதான் விட்டாள். முதல் மேசை போக முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள்.